பாபோ வீட்டுக் கல்யாணமும் சில பாட்டுகளும்

பிலிப்பைன்ஸில் குடியேறுகிறவர்கள் முதலில் பழக வேண்டியது சோறும் இல்லை, மொழியும் இல்லை, வீடியோக்கே என்ற திரையைப் பார்த்துப் பாடும் கரோக்கேதான். பிறந்தநாளோ, ஞானஸ்நானமோ, சும்மா ஞாயிற்றுக்கிழமையோ, மைக்கைப் பிடித்துவிடுவார்கள். டாவோவில் எங்கள் தெருவும் அப்படித்தான். நான் காயல்பட்டினத்துக்காரி. தமிழ்நாட்டிலிருந்து இங்கே டாக்டருக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு என் வீட்டுக்காரர் மெஸ் நடத்துகிறார். இரவு பாத்திரமெல்லாம் கழுவி முடிக்கும் நேரத்தில் எதிர்வீட்டில் யாராவது தொண்டை கிழியக் காதல் தோல்வியைப் பாடிக்கொண்டிருப்பார்கள்.

வேறு மாதிரிப் பாட்டும் இந்த ஊரில் இருப்பதைக் காட்டியவர் பாங்கெரோஹான் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு மரனாவ் அம்மாள். மரனாவ் என்பது இங்குள்ள ஒரு முஸ்லிம் இனம். ஹலால் கோழி தேடிப் போய்ப் பழக்கமானவர். அவர்கள் முறைப்படி நானும் பாபோ என்றுதான் கூப்பிடுவேன், நம் மாமி மாதிரி. 2017 மே மாதம் மராவி நகரில் சண்டை மூண்டு ஐந்து மாதம் நீடித்ததே, அப்போது வீட்டை விட்டு வெளியேறிய குடும்பம். மஞ்சளும் தேங்காயும் போட்டு அவர் வைக்கும் பியாபாரான் கோழியைச் சாப்பிட்ட அன்று எனக்கு ஊர் நினைப்பு கொஞ்சம் அடங்கியது. மிளகாய், இஞ்சி, வெங்காயத்தாள் இடித்துச் செய்யும் பாலாபா இப்போது எங்கள் மெஸ்ஸிலும் ஒரு ஜாடி இருக்கிறது. பையன்கள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.

அவருடைய தங்கை மகள் கல்யாணத்தில்தான் பாயோக் என்ற பாட்டைக் கேட்டேன். மாப்பிள்ளை தரப்புக்கு ஒருவர், பெண் தரப்புக்கு ஒருவர் எனப் பாடகர்கள் உட்கார்ந்து, ஒருவர் பாட மற்றவர் அதற்குப் பாட்டிலேயே பதில் சொல்வார். எழுதி வைத்துக்கொண்டு பாடுவது இல்லை, அங்கேயே கட்டுவது. பெண் தரப்புக்குப் பாடிய அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மலோங் என்ற குழாய் வடிவத் துணியை உடுத்தி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தவர் கடைசிவரை அசையவே இல்லை. முதலில் சொல்லே இல்லாத ஓர் இழுப்பு. மூக்கை ஒட்டி வரும் மெல்லிய, உயர்ந்த குரல். அது நெளிந்து நெளிந்து போய், இனி மூச்சு இருக்காது என்று நாம் நினைக்கிற இடத்தில்தான் சொற்கள் தொடங்குகின்றன. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

சபை அமைதியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தைகள் ஓடுகின்றன, பித்தளைத் தட்டுகளில் சாப்பாடு வருகிறது, பின்னால் குலிந்தாங் என்ற வாத்தியத்தின் வெண்கலச் சேகண்டி வரிசையை யாரோ சரிசெய்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல வரி விழுந்ததும் கிழவர்கள் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தார்கள். இளசுகள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தன. பாயோக்கில் எதையும் நேராகச் சொல்வது கௌரவமில்லை, எல்லாம் உவமை. போதாததற்குப் பழைய மரனாவ். சங்கப்பாட்டு கேட்கும் காலேஜ் பிள்ளைகள் நிலைமைதான் அவர்களுக்கும்.

இதற்கெல்லாம் மூலக் கிணறு தராங்கென் என்ற காவியம். லானாவ் ஏரிக்கரை மக்களுடையது. 17 தொகுதிகள், மொத்தம் 72,000 வரிகள். பந்துகன் என்ற இளவரசனும் பெம்பரான் என்ற நாடும் கதையின் நடு. யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபில் ஓர் அரும்படைப்பு என்று அறிவித்து, 2008இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கல்யாண இரவுகளில் பல நாள் பாடுவது வழக்கம். ஒனோர் எனப்படும் பாடகர்கள் நெஞ்சில் வைத்திருந்ததைச் சில குடும்பங்கள் கிரிம் என்ற எழுத்தில் எழுதியும் வைத்தன. கிரிம் என்பது மரனாவ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை. பாபோ இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுப் பரணில் இருந்த அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) ஏடுகளும் அதே சங்கதிதானே. மூத்த பெண்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அரபுத்தமிழில் மாலைப்பாட்டும் முனாஜாத்து என்ற வேண்டுதல் பாட்டும் கடகடவென்று ஓதுவார்கள். பாபோ வீட்டு நோட்டுகள் மராவியோடு போய்விட்டன.

இஸ்லாம் வருவதற்கு முந்திய கதை என்பதால் தராங்கெனைப் பற்றிக் குடும்பத்துக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. வெளிநாட்டில் மார்க்கம் படித்துவிட்டு வந்த பாபோவின் மருமகனுக்கு இது பிடிக்காது. இஸ்லாத்தை ஏற்க மறுத்ததால்தான் பெம்பரான் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோனது என்று மரனாவ்களிடமே ஒரு கதை இருக்கிறது. மருமகன் அதைச் சொல்லிக் காட்டுவார். பாபோவோ, மறைந்துபோன ஊரை நினைத்துப் பாடினால் என்ன குற்றம் என்பார். காயலிலும் மௌலிது என்ற நபி புகழ்ப்பாட்டு ஓதலாமா கூடாதா என்று அண்ணன் தம்பி பேசாமல் போன வீடுகளைப் பார்த்தவள் நான். அந்தப் பேச்சு வந்தால் டீ போடப் போய்விடுவேன்.

சூலுத் தீவுகளின் தவுசுக் மக்கள் கொஞ்சம் வேறு. மௌலிதுக்கு லுகு என்ற பாட்டைப் பாடுகிறார்கள். வாத்தியமே இல்லை, ஒரு சொல்லை இழுத்து இழுத்து, கேட்கிறவர்களுக்கு அவசரம் இருந்தால் ஆகாது. எங்கள் ஊர்ப் பெண்கள் தாங்கள் கூடித் தொழும் தைக்காவில் இதைப் பாடினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவு பழகிய ஓசை. அப்புறம் கப்பாங் என்ற மூங்கில் வாத்தியத்தோடு பாடும் கிஸ்ஸா என்ற கதைப்பாட்டுகள். நமக்கும் கிஸ்ஸா உண்டு, படைப்போர் என்ற போர்க்கதைப் பாட்டும் உண்டு. இரண்டு கரையிலும் வீரக்கதையைப் பாட்டில்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்டில் கடாயாவான் திருவிழா. டாவோவின் 11 இனங்களும் மக்சாய்சாய் பூங்காவில் ஆளுக்கொரு வீடு கட்டி வைப்பார்கள். ஆறு முஸ்லிம் இனங்கள், மற்றவை லுமாட் எனப்படும் மலைவாழ் மக்கள். அந்த மலைமக்களில் ஓவு-மனுவு இனத்தார் வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மாள் துவாங் என்ற வீரனின் கதையிலிருந்து பாடினார். துவாங் மின்னலில் ஏறி ஒரு கல்யாணத்துக்குப் போகிறான். மாப்பிள்ளையோடு சண்டை வருகிறது. எவ்வளவு அடித்தும் மாப்பிள்ளை சாகவில்லை, ஏனென்றால் அவன் உயிர் ஒரு தங்கப் புல்லாங்குழலில் இருக்கிறது. ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த நம் மந்திரவாதிக்குச் சொந்தக்காரன்! பிலிப்பைன்ஸ் ஆய்வாளர் அர்செனியோ மனுவேல் 1950களில் பாடவைத்துப் பதிவு செய்து அச்சில் கொண்டுவந்ததால், இந்தக் காவியத்தின் சில பாட்டுகளாவது வெளியுலகத்துக்குத் தெரியும்.

அந்த அம்மாள் பாட்டு நன்றாகத்தான் சூடு பிடித்தது. பக்கத்து மேடையின் ஸ்பீக்கர் அலறல்தான் தாங்கவில்லை. தொகுப்பாளர் வந்து, அடுத்த குழு காத்திருக்கிறது என்றார். இரவெல்லாம் பாட வேண்டியதை ஐந்து நிமிஷத்துக்கு நறுக்கி, கலாசாரத்தைக் காப்பாற்றுகிறோம் என்பது எனக்கு ஒப்பவில்லை. வண்ண உடையையும் நடனத்தையும் மேடையில் வைக்கலாம். பாட்டுக்கு வேண்டியது வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும் நாலு பேரும், விடியும்வரை நேரமும். அதற்குப் பாபோ வீட்டுக் கூடம் மேல். மார்க்கம் பேசும் மருமகன்கூட அந்தக் கல்யாணத்தின்போது அடுத்த அறையில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பாபோவின் பேத்திக்கு பாயோக் வராது, ஆசையும் இல்லை. அவளுக்கு கிராஅத் என்ற குர்ஆன் ஓதும் போட்டிதான் உயிர். போன வாரம் நான் போனபோது கூடத்தில் குர்ஆன் ஓதிப் பழகிக்கொண்டிருந்தாள். ஒரு நீண்ட ஆயத்தின் நடுவில் மூச்சு அறுந்துவிட்டது. வெங்காயத்தாள் ஆய்ந்துகொண்டிருந்த பாபோ தலையைத் தூக்காமலே, தோளைத் தூக்கி மூச்சிழுக்காதே, வயிற்றிலிருந்து எடு, பாதியைக் கடைசிக்கு வைத்துக்கொள் என்றார். மருமகன் வாசலில் நின்று கேட்டுவிட்டு, அவர் சொல்கிறபடி செய் என்று மகளிடம் சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.