ஆட்டுத்தலையும் சித்தப்பாவின் மூக்கும்

ஆத்தூர் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ஜவ்வரிசி செய்கிற சேகோ மில் கண்ணில் படுவதற்கு முன்னாடியே அதன் நாற்றம் வந்துவிடும். மரவள்ளிக்கிழங்கு மாவு கழுவின தண்ணீர் புளித்துப்போய் அடிக்கிற நாற்றம். போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு வேனில் போனபோது சித்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், பிள்ளைகள் குமட்டிக் காட்டினார்கள், டிரைவர்கூடக் கண்ணாடியை ஏற்றினார். சித்தப்பா மட்டும் ஜன்னலோரம் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு நாறலையா?" என்று சித்தி கேட்டாள். "என்ன நாறுது?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அவருக்கு இரண்டு மாதமாகத் தெரியும், வெளியே சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? காப்பித்தூள் கடைக்காரர். ஏற்காட்டுக் கொட்டையை வாங்கி வந்து வறுத்து அரைத்து விற்கிறவர், எப்போது இறக்க வேண்டும் என்பதை அவருக்கு மூக்குதான் சொல்லும், கடிகாரமெல்லாம் கிடையாது. கொட்டை பார்க்கப் போய்விட்டு மலையிறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி சறுக்கி பின்மண்டையில் நல்ல அடி. ஹெல்மெட் வழக்கம்போலக் கண்ணாடிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மோப்பம் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

பின்மண்டையில் அடிபட்டால் மூக்குக்கு என்ன வந்தது? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது அம்மாப்பேட்டையில் ஒரு கறிக்கடையில்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி வாங்கப் போயிருந்தேன். சுட்டுச் சுரண்டின தலையைக் கடைக்கார அண்ணன் நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்து, மூளையை எடுத்து இலையில் வைத்தார். நான் பிளந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுத்தடுப்பை விலக்கினால் உள்ளே காகிதம் மாதிரி மெல்லிய எலும்புகள், பாய் சுருட்டின மாதிரி சுருள் சுருளாக. முன்பக்கச் சுருள்களில் ரோஸ் நிறத் தோல், அது மூச்சுக்காற்றைச் சூடாக்கி ஈரமாக்குகிற வேலைக்கு. பின்னால் போகப்போக, மூளைக்குப் பக்கத்தில், நிறம் மாறி லேசான மஞ்சள். முகர்கிற தோல் அதுதான். மனிதனுக்கு அது மூக்கின் உச்சியில் தபால்தலை அளவுக்குத்தான் இருக்கிறது. (மீன் ஆய்கிறவர்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற சின்னத் துளையைக் கத்தி நுனியால் திறந்து பாருங்கள், பூவிதழ் அடுக்கின மாதிரி இருக்கும். மேட்டூர் அணைக் கட்லாவுக்கும் மூக்கு உண்டு, அது மூச்சு விடுவதற்கு இல்லை.)

அந்த மஞ்சள் தோலில் இருப்பவை நரம்பு செல்கள். இதுதான் எனக்கு ஆச்சரியம். உடம்பில் மற்ற இடங்களில் நரம்பு செல்லைத் தோல், எலும்பு, சவ்வு என்று பத்திரமாக மூடி வைத்திருக்கும்போது, இங்கே மட்டும் அதன் நுனி வெளிக்காற்றுக்கு அருகில், மெல்லிய சளிப் படலத்துக்குள் மயிரிழைகளை விரித்துக்கொண்டு நிற்கிறது. வாசனை மூலக்கூறு அந்தச் சளியில் கரைந்துதான் இழையைத் தொட வேண்டும். மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்கிற புரதத்துக்கு ஏற்பி என்று பெயர், ஒவ்வொரு செல்லும் பொதுவாக ஒரே வகை ஏற்பியைத்தான் வைத்திருக்கும். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் கண்டுபிடித்து 2004-இல் நோபல் வாங்கினார்கள். நமக்கு சுமார் 400 வகை, எலிக்கு ஆயிரத்துக்கு மேல். காப்பி வாசனைக்கென்று தனியாக ஓர் ஏற்பி கிடையாது. வறுத்த கொட்டையிலிருந்து வருகிற நூற்றுக்கணக்கான பொருட்கள் பல ஏற்பிகளை ஒன்றாகத் தட்ட, அந்தக் கூட்டணியைத்தான் மூளை 'காப்பி' என்கிறது.

அந்த செல்லின் இன்னொரு முனை மெல்லிய நாராக நேரே மூளைக்குப் போகிறது. வழியில் ஒரு எலும்பு. அந்த ஆட்டுத்தலையில் மூளை இருந்த குழியின் முன்முனையில் அதைப் பார்த்தேன், இடியாப்ப அச்சு மாதிரி பொடித்துளைகள். நார்கள் அந்தத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. இப்போது சித்தப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். பின்மண்டை தரையில் மோதுகிறது, மூளை உள்ளே ஒரு குலுக்குக் குலுங்குகிறது, சல்லடை எலும்பு அசையாமல் நிற்கிறது. நடுவில் இருக்கிற நார்கள் அறுந்துபோகின்றன. ஸ்கேனில் தெரிகிற அளவுக்கு அவை பெரிசில்லை.

அவர் கொஞ்ச நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டார். அமிர்தாஞ்சன் தடவினால் சுர்ரென்று ஏறுகிறதே, மூக்கு வேலை செய்கிறதே என்பார். அது வாசனை இல்லை, முகத்துக்கு வருகிற வேறொரு நரம்பு உணர்கிற எரிச்சலும் குளிர்ச்சியும். ரசத்தில் புளிப்பும் உப்பும் மிளகுக் காரமும் தெரிந்தன, ரசம் தெரியவில்லை. மென்று விழுங்கும்போது தொண்டை வழியாக மேலேறுகிற வாசனைதான் ருசியில் பெரும்பங்கு என்று அந்த மாதங்களில்தான் எங்கள் வீட்டுக்குப் புரிந்தது.

சரி, நல்ல செய்தி ஒன்று. வெளியே நிற்கிற செல் சீக்கிரம் சாகும் என்பதால் உடம்பு அங்கே நாற்றங்கால் போட்டு வைத்திருக்கிறது. அந்தத் தோலின் அடியில் இருக்கிற செல்கள் பிரிந்து புது நரம்பு செல்களை உண்டாக்கும், அவை மறுபடி நார் விட்டு மேலே ஏறும். துளைகளைத் தழும்பு அடைத்திருந்தால் முடியாது. ஏறினாலும் பழைய இடத்துக்கே போய்ச் சேரும் என்று நிச்சயம் இல்லை. வழி தவறினால் மூளைக்குத் தப்பும் தவறுமாகத் தகவல் போகும்.

அதுதான் இப்போது நடக்கிறது போலிருக்கிறது. ஏழெட்டு மாதம் கழித்து சித்தப்பாவுக்கு ஏதோ தெரிய ஆரம்பித்திருக்கிறது, ஆனால் காப்பியோ வெங்காயமோ சோப்போ, எல்லாம் ரப்பர் எரிகிற வாடை. கடையில் வறுக்கிற பொறுப்பு சித்திக்கு வந்துவிட்டது, நாலு ஈடு வீணாக்கி இப்போது கை தேறிவிட்டாள். போன வாரம் நான் போயிருந்தபோது சித்தப்பா உள்ளேயிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார், "கருகுது, இறக்கு, இறக்கு!"

சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் அடுப்பே பத்த வைக்கலைங்க" என்றாள்.