லிப் போனது, ரூட் ஷெல் மிஞ்சியது

என் லினக்ஸ் கணினியில், பழைய பில்டு ஃபோல்டருக்குள் 'லிப்' என்று தொடங்கும் எல்லாவற்றையும் துடைக்க ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். ஃபோல்டர் பாதையை வைத்திருந்த மாறியின் பெயரில் ஓர் எழுத்துப்பிழை. மாறி காலி, பாதையில் மிஞ்சியது வெறும் ஸ்லாஷ், அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் உச்சி ஃபோல்டர். ஸ்கிரிப்டை ரூட்டாக (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியாக) வேறு ஓட்டினேன். கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையில் உச்சி ஃபோல்டரைக் காக்கும் வசதி இருக்கிறதே என்றால், அது தனி ஸ்லாஷை மட்டும்தான் காக்கும். அதன் கீழே இருந்த லிப்பும் லிப்64-உம் ஒரு நொடியில் போய்விட்டன. நிரல்கள் ஓடத் தேவையான பொது நூலகங்களைத் (லைப்ரரிகளை) தேடிப் போகும் இடங்கள் அவை.

கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை அடித்தேன். 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பதில். நகலெடுக்கும் சிபி, ரூட் உரிமை தரும் சூடோ, கோப்பைத் திருத்தும் நானோ எல்லாவற்றுக்கும் அதே பதில். பின்னணியில் பாட்டு மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வேண்டிய நூலகங்கள் முன்பே நினைவகத்தில் ஏறிவிட்டனவே! புது டெர்மினல் திறக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்யக் கை துறுதுறுத்தது, நல்லவேளை செய்யவில்லை. ஸ்கிரிப்டை ஓட்டிய ரூட் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், என்னுடையது பேஷ்) இன்னும் உயிரோடு இருந்தது.

எக்கோ பேஷுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, அதற்கு வெளிக்கோப்பு எதுவும் வேண்டாம். எக்கோவும் நட்சத்திரக் குறியும் சேர்த்தால் ஏழைகளின் எல்எஸ். அதை வைத்து, கட்டளைகள் இருக்கும் யுஎஸ்ஆர் பின் ஃபோல்டருக்குள் பார்த்தால் எல்எஸ் அப்படியே இருக்கிறது! 'இல்லை' என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) சொன்னது எல்எஸ்ஸை அல்ல, அதை நூலகங்களோடு சேர்த்து ஏற்றிவிடும் டைனமிக் லோடரை. எல்எஸ்ஸுக்குள் அந்த லோடரின் முகவரி லிப்64 என்றே பதிந்திருக்கும். அந்தச் செய்தியை எழுதியவர்மேல் அன்று கொஞ்சம் கோபம்தான்.

என்னுடையது டெபியன் லினக்ஸ். அதில் லிப், லிப்64 இரண்டுமே உண்மையான ஃபோல்டர்கள் இல்லை, யுஎஸ்ஆருக்குள் கைகாட்டும் சிம்லிங்க்குகள். ஆர்எம் அழித்தது கைகாட்டிகளை மட்டும்தான், ஊர் அங்கேயே இருந்தது. அப்பாடா.

ஆனால் சிம்லிங்க் போட எல்என் வேண்டும், அதுவும் ஓடாது. பல கட்டளைகளை ஒரே நிரலில் அடக்கிய பிஸிபாக்ஸ் இருக்கிறதே என்று போனால், நான் வைத்திருந்ததும் லோடரை நம்பியிருக்கும் டைனமிக் வகை. கடைசியில் நேர்வழி ஒன்று கிடைத்தது: லோடரும் ஒரு நிரல்தான், அதை நாமே கூப்பிடலாம். யுஎஸ்ஆர் லிப்புக்குள் இருக்கும் லோடரின் முழுப் பாதையை அடித்து, நூலகப் பாதையையும் கொடுத்து, பின்னால் எல்என்னையும் அதன் விவரங்களையும் சேர்த்தேன். லிப்64 வந்துவிட்டது. எல்எஸ் அடித்தால்... மறுபடியும் 'இல்லை'.

இங்கேதான் பத்து நிமிடம் போனது. லிப்64-க்குள் லோடர் என்ற பெயரில் இருப்பதும் ஒரு சிம்லிங்க். அது காட்டுவது லிப்பை, லிப்போ இன்னும் வரவில்லை. அதே முறையில் லிப்பையும் போட்டேன். எல்எஸ் வரிசையாகக் கொட்டியது.

அப்புறம், நிறுவிய கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று சரிபார்க்கும் டிபிகேஜி வெரிஃபை ஓட்டினேன். நானே திருத்திய இரண்டு அமைப்புக் கோப்புகளை மட்டும் காட்டியது. பிறகுதான் தைரியமாக ரீஸ்டார்ட்.

ரூட் ஷெல் இல்லாமல் போயிருந்தால்? வெர்ச்சுவல் மெஷினில் வேண்டுமென்றே அழித்துப் பார்த்தேன். சூடோவை லோடர் வழியாகக் கூப்பிட்டால் ஓடப் பார்க்கிறது, ஆனால் அதை ரூட்டாக ஓட வைக்கும் செட்யுஐடி உரிமை அதனுடன் வருவதில்லை, கதவு திறக்காது. லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து வட்டை மவுன்ட் செய்தேன். அவசரப்பட்டு சிஎச்ரூட் மூலம் அந்த வட்டின் அமைப்புக்குள் போனால் பேஷ் 'இல்லை' என்றது, அதே பழைய காரணம். வெளியிலிருந்தே இரண்டு லிங்க்குகளையும் போட்டதும் சரியானது. லிங்க்கின் இலக்கில் முன்ஸ்லாஷ் வைக்காமல் போடுவது நல்லது. வைத்தால், லைவ் அமைப்பிலிருந்து பார்க்கும்போது அது லைவின் யுஎஸ்ஆரையே காட்டிக் குழப்பும்.

இப்போது, லோடரோ வெளி நூலகமோ வேண்டாத ஸ்டாட்டிக் பிஸிபாக்ஸ் நிறுவியாயிற்று. ஸ்கிரிப்டின் முதல் வரியில் செட் மைனஸ் யு இருக்கிறது: மதிப்பே கொடுக்காத மாறி வந்தால் அங்கேயே நின்றுவிடும். அந்த எழுத்துப்பிழையை இன்னும் திருத்தவில்லை, ஸ்கிரிப்ட் நிற்கிறதா என்று பார்க்க அதுவே வசதியாக இருக்கிறது.