கடலூர் முதுநகர் கணக்கு மெஷின்: ஜாவா மெமரி நாட்குறிப்பு

17 ஜூன் 2024, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போய் இரண்டு நாள்தான் ஆகிறது. ஜாவாவில் எழுதிய மொத்த மீன் வியாபாரக் கணக்கு மென்பொருள் இன்று விடியற்காலை ஏல நேரத்தில் இரண்டு முறை நின்றது. அதை டாக்கருக்கு (நிரலைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) மாற்றியது அந்த 61 நாள் தடைக்குள். பில் போடும் வேலையே இல்லாததால் குறை அப்போது வெளியில் வரவில்லை.

மெஷின்: உபுண்டு 22.04, 4 கோர், 8 ஜிபி ரேம், ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் எடுக்கும் இடம்) இல்லை. கன்டெய்னருக்கு மெமரி வரம்பு 1536 எம்பி. ஜாவா 8, அப்டேட் 342.

லாகில் 'அவுட் ஆஃப் மெமரி' என்று ஒரு வரிகூட இல்லை. பாதி வரியில் அப்படியே அறுந்து நிற்கிறது. எக்ஸிட் கோட் 137. அதாவது 128-உடன் 9: 9-ஆம் எண் சிக்னல் கொடுத்து வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். கெர்னல் (லினக்ஸின் உட்கரு) லாகைத் திறந்தால், மெமரி தீரும்போது ப்ராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லர் எழுதிய வரி இருக்கிறது.

இடம் போதவில்லை என்று ஜாவாவே சொல்லிவிட்டு விழுந்தால் ஹீப்பை, அதாவது நிரலின் தரவுக்கு ஜாவா ஒதுக்கும் இடத்தை, பார்க்க வேண்டும். கெர்னல் கொன்றால் மொத்த ப்ராசஸும் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவதற்கும் ஹீப்பின் உச்சத்தைக் குறிக்கும் எக்ஸ்எம்எக்ஸ் அளவை ஏற்றுவதுதான் பலரின் வழக்கம். ஏற்றினால் சாவு இன்னும் சீக்கிரம் வரும்.

18 ஜூன், செவ்வாய்

காரணம் கிடைத்தது. கன்டெய்னருக்குள், ஜாவா எடுத்துக்கொண்ட அமைப்புகளைக் காட்டும் 'பிரின்ட் ஃபிளாக்ஸ் ஃபைனல்' கொடுத்துப் பார்த்தால் ஹீப்பின் உச்சம் சுமார் 2 ஜிபி. கன்டெய்னரோ மொத்தமே ஒன்றரை ஜிபி. எக்ஸ்எம்எக்ஸ் எதுவும் கொடுக்காவிட்டால் ஜாவா தன் கண்ணுக்குத் தெரியும் ரேமில் கால் பங்கை ஹீப்புக்கு உச்சமாக வைத்துக்கொள்ளும். இங்கே அதன் கண்ணில் பட்டது மெஷினின் 8 ஜிபி.

ஜாவா 8-க்கு கன்டெய்னர் வரம்பு புரியத் தொடங்கியது அப்டேட் 191-இல். அப்படியிருக்க 342-க்கு ஏன் தெரியவில்லை? 191-இல் வந்தது சிகுரூப் (கன்டெய்னர் வரம்பைக் கெர்னல் வைத்திருக்கும் ஏற்பாடு) முதல் பதிப்பைப் படிக்கும் வழி மட்டும். உபுண்டு 22.04 இயல்பாகவே சிகுரூப் இரண்டாம் பதிப்பில் ஓடுகிறது. அதைப் படிக்கும் வழி ஜாவா 8-இல் அப்டேட் 372-இலும், ஜாவா 11-இல் 11.0.16-இலும்தான் சேர்ந்தது. பழைய உபுண்டுவில் ஒழுங்காக ஓடிய அதே இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) புது உபுண்டுவில் விழுவதற்கு இதுவே காரணம். நிரல் எழுதியவர் மேல் பழி போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

372-க்குப் பிந்தைய அப்டேட் உள்ள இமேஜுக்கு மாற்றியாயிற்று.

20 ஜூன், வியாழன்

இன்றும் விழுந்தது, ஆனால் வேறு விதமாக. இம்முறை லாகிலேயே 'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்று வந்துவிட்டது. வரம்பு இப்போது சரியாகத் தெரிகிறது. ஆனால் 1536-இல் கால் பங்கு 384 எம்பிதான். ஏல நேரத்துக்கு அது எந்த மூலைக்கு?

60 சதவீதம் வைக்க முடிவு. 'மேக்ஸ் ரேம் பர்சன்டேஜ்' அமைப்புக்கு வெறும் 60 என்று எழுதினால் ஜாவா 8 தவறான அமைப்பு என்று சொல்லிக் கிளம்பவே மறுக்கும். 60.0 என்று புள்ளியோடு எழுத வேண்டும். கூடவே எக்ஸ்எம்எக்ஸ் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான் செல்லும், சதவீதத்தைக் கண்டுகொள்ளாது.

எழுதியும் 384-லேயே நின்றது. அமைப்பு 'ஜாவா ஆப்ட்ஸ்' என்ற சூழல் மாறியில் போடப்பட்டிருந்தது. அதை எடுத்துப் படிப்பது டாம்கேட் என்ற வெப் சர்வரின் தொடக்க ஸ்கிரிப்ட்தான். ஜாவாவுக்கு அந்தப் பெயரே தெரியாது. இங்கே ஜார் கோப்பை நேரடியாக ஓட்டுகிறோம், நடுவில் ஸ்கிரிப்ட் இல்லை. ஜாவா தானே படிப்பது 'ஜாவா டூல் ஆப்ஷன்ஸ்' மாறியை. அதில் போட்டால் கிளம்பும்போதே 'பிக்டு அப்' என்று ஒரு வரி எழுதும். அந்த வரி வந்தால் அமைப்பு போய்ச் சேர்ந்தது என்று நம்பலாம். இப்போது ஹீப் உச்சம் சுமார் 920 எம்பி.

கவனித்த இன்னொன்று: வேண்டாத தரவைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர் தானாக, ஒரே த்ரெட்டில் (வேலை இழையில்) ஓடும் சீரியலுக்கு மாறியிருக்கிறது. இரண்டு கோரும் ஏறக்குறைய 2 ஜிபியும் இல்லாத இடத்தை ஜாவா சின்ன மெஷின் என்று எடுத்துக்கொள்ளும். பல த்ரெட்டில் ஓடும் பேரலல் வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டோம்.

27 ஜூன், வியாழன்

ஒரு வாரமாக விழவில்லை. ஆனால் டாக்கர் ஸ்டாட்ஸில் அளவு நாளுக்கு நாள் ஏறி 1430-ஐத் தொட்டிருக்கிறது. ஹீப்போ 920-ஐத் தாண்டவில்லை. மீதி எங்கே போனது?

இதற்கு, ஜாவா எதெதற்கு எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று கணக்கு வைக்கும் 'நேட்டிவ் மெமரி டிராக்கிங்' வேண்டும். சம்மரி அளவில் வைத்து மறுபடி கிளப்ப வேண்டும்; 5 முதல் 10 சதவீதம் வேகம் குறையும், அதனால் வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். விவரம் கேட்க ஜேசிஎம்டி என்ற கட்டளை தேவை. அது ஜேடிகே (உருவாக்கும் கருவிகளோடு வரும் ஜாவா) இமேஜில் இருக்கும், வெறும் ஜேஆர்இ (ஓட்டுவதற்கு மட்டுமான ஜாவா) இமேஜில் இருக்காது.

ஹீப்புக்கு வெளியே இடம் கேட்பவை பல. கிளாஸ் விவரங்களுக்கான மெட்டாஸ்பேஸ்; இதற்கு இயல்பாக உச்சமே கிடையாது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் 1 எம்பி ஸ்டாக்; ஜாருக்குள்ளேயே இருக்கும் டாம்கேட் 200 த்ரெட் வரை திறக்கும். இது ஒதுக்கீடுதான், உண்மையில் தொட்ட மெமரிப் பக்கம்தான் ரேமைத் தின்னும். கம்பைல் ஆன நிரலுக்கான கோட் கேஷ் 240 எம்பி வரை போகும். போதாததற்கு கோப்பு, நெட்வொர்க் வேலைக்கான டைரக்ட் பஃபர்கள்.

3 ஜூலை, புதன்

டிராக்கிங் காட்டும் கூட்டுத்தொகைக்கும் கெர்னல் காட்டும் அளவுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. ஜாவா திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தை ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) தன் அரீனாக்களில் (மெமரிக் கிடங்குகளில்) பிடித்து வைத்திருந்தது. 64 பிட்டில் ஒரு கோருக்கு 8 அரீனா வரை. 4 கோருக்கு 32. 'மேலாக் அரீனா மேக்ஸ்' மாறியை 2 என்று வைத்தோம். ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் இமேஜில் இருப்பது மசில் என்ற வேறு சி நூலகம், அதனால் அங்கே இந்த மாறிக்கு வேலையில்லை.

மெட்டாஸ்பேஸுக்கு 192 எம்பி உச்சம். த்ரெட் 60 போதும். பில் போடும் இடங்கள் மொத்தமே ஒன்பது.

10 ஜூலை, புதன்

ஏல நேரத்திலும் 1250-ஐத் தாண்டவில்லை. டிராக்கிங்கை எடுத்தாயிற்று.

பாக்கி ஒன்றுதான். ஹீப் நிரம்பினால் டம்ப் (ஹீப்பின் நகல் கோப்பு) எடுக்கும் அமைப்பைப் போட்டிருக்கிறோம்; எழுதும் பாதை கன்டெய்னருக்குள்ளேயே இருக்கிறது. கன்டெய்னரை அழித்துப் புதிதாக உருவாக்கினால் டம்பும் சேர்ந்து போகும். வெளி வால்யூமுக்கு மாற்ற வேண்டும். டம்ப் ஏறக்குறைய ஹீப் அளவுக்கு வரும் என்பதால் அங்கே 2 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.