ராக்டால் பூனை, ஒரு கேள்விக்குறி, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம்

ஒருவழியாகப் பூனையின் இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் பணம் வந்துவிட்டது, எக்ஸஸ் (நாமே கட்ட வேண்டிய பங்கு) கழித்து. இங்கிலாந்தில் ராக்டால், மெயின் கூன் இனப் பூனைகளை வளர்ப்பவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இனங்களிலும் இதயத் தசை தடித்துப்போகும் ஹெச்.சி.எம். நோய் பரம்பரையாக வரலாம். எங்கள் ராக்டாலுக்கு வந்தது. நிபுணர் கட்டணம், இதய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று பில் ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. எங்களுடையது லைஃப்டைம் பாலிசி (விடாமல் புதுப்பித்தால் நீண்ட கால நோய்க்கும் வருடாவருடம் பணம் தருவது), பரம்பரை நோயும் அதில் அடக்கம். தைரியமாக க்ளெய்ம் போட்டோம்.

நிராகரித்துவிட்டார்கள். பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோயாம்! குட்டியாக இருந்தபோது முதல் தடுப்பூசி போட்ட டாக்டர், ‘இதயத்தில் லேசான மர்மர்?’ (இதயத் துடிப்போடு கேட்கும் இரைச்சல்) என்று கேள்விக்குறியோடு குறித்து வைத்திருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாலிசி விற்கும்போது இந்தக் குறிப்புகளைப் பெரும்பாலும் கேட்பதில்லை. க்ளெய்ம் போட்டதும் பூனை போய்வந்த எல்லா கிளினிக்கிலிருந்தும் வரவழைத்து வரிவரியாகப் படிக்கிறார்கள்.

போனில் பேசியது வீண். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இரண்டாவது தடுப்பூசியின்போது வேறு டாக்டர் பார்த்தது எனக்கு நினைவு இருந்தது. அவர் எழுதிய குறிப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகவே இல்லை. கிளினிக் வரவேற்பில் கேட்டால், “அது பழைய சிஸ்டம், இப்போது திறக்காது.” மேலாளரைப் பார்க்காமல் நகர மாட்டேன் என்று நின்றேன். அப்புறம் திறந்தது. ‘இதய ஒலி இயல்பு, மர்மர் இல்லை’ என்று தெளிவாக இருந்தது.

இதய நிபுணரும் கடிதம் கொடுத்தார்: குட்டிகளுக்குப் பயத்தில்கூட மர்மர் கேட்கலாம், அதை மட்டும் வைத்து ஹெச்.சி.எம். என்று சொல்ல முடியாது. இரண்டையும் இணைத்துக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். ‘புகார்’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். அதற்கு அவர்கள் 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ நிதி ஆம்பட்ஸ்மனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகாரை விசாரிக்கும் நடுநிலை அமைப்பு) போகலாம், கட்டணம் கிடையாது. இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். எனக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை, புகாருக்குப் பிறகு கம்பெனியே பணம் தந்துவிட்டது.

புதிதாக வாங்குபவர்கள் தாய், தந்தைப் பூனைகளின் மரபணுச் சோதனையோடு இதய ஸ்கேன் அறிக்கையையும் கேளுங்கள். மரபணுச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் நோய் வரலாம். ஒவ்வொரு தடவை டாக்டரைப் பார்த்த பிறகும் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நீண்ட கால மருந்துக்குச் சீட்டு வாங்கி ஆன்லைனில் வாங்கினால், சீட்டுக் கட்டணம் போகவும் பெரும்பாலும் மிச்சம்தான். ரத்தம் கட்டியாகாமல் இருக்கத் தரும் க்ளோபிடோக்ரெல் மாத்திரை கடும் கசப்பு, பூனை நுரை தள்ளிவிடும். காலி கேப்ஸ்யூலில் அடைத்துக் கொடுங்கள்.

புதுப்பிக்கும்போது பிரீமியம் ஏறிவிட்டது. வேறு கம்பெனிக்கு மாறலாம் என்றால், அங்கே ஹெச்.சி.எம். இப்போது நிஜமாகவே ‘முன்பே இருந்த நோய்’. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டியிருக்கிறேன்.