இடது சக்கரத்துக்கு எண்ணெய்

அக்டோபர் 11

ஐப்பசி பிறக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. மழை இறங்குவதற்குள் மாமாவின் காரை நெல் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நான்கு பேர் சேர்ந்து தள்ளினோம். 1991-இல் உள்ளே போன கார் இப்போதுதான் வெயிலைப் பார்க்கிறது.

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 2, 1966-ஆம் ஆண்டு வண்டி. இரண்டே இருக்கை, 1147 சி.சி. எஞ்சின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் இரண்டு. இதன் உடலை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அதற்கு முன்பு அதே டிரையம்ப் நிறுவனத்தின் ஹெரால்டு காரை வரைந்தவரும் அவரே. ஹெரால்டின் உறுப்புகளை எடுத்துத்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். அந்த ஹெரால்டு 1961 முதல் சென்னையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரானது. ஆகவே இங்கிலாந்துக் கார் என்றாலும் இதன் உறுப்புகளைத் தொட்டுப் பழகிய கைகள் நம் ஊர்ப்பக்கம் இருக்கத்தான் வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் இறங்கியிருக்கிறேன்.

முன்பக்கம் முழுவதும், மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து, ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கிறது. திறந்துவிட்டால் முன் டயரின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். மாமா அப்படி உட்கார்ந்து, வாயில் வெற்றிலையோடு ஸ்பார்க் பிளக் துடைத்ததைப் பார்த்திருக்கிறேன். இன்று நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஏர் ஃபில்டருக்குள் எலி, உமியால் கூடு கட்டி வைத்திருந்தது.

அக்டோபர் 25

மழை பிடித்துக்கொண்டது. அரசலாற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. கொட்டகைக்கு மேல் தார்ப்பாய் கட்டிக் காரை மறுபடியும் உள்ளே விட்டோம். இந்த முறை மண் தரையில் நிறுத்தவில்லை, செங்கல் அடுக்கி அதன் மேல் ஏற்றிவிட்டோம்.

கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டிகள் இரண்டும் துருப்பிடித்துவிட்டன. ஸ்க்ரூ டிரைவரால் லேசாக அழுத்தினால் முனை உள்ளே போய்விடுகிறது. வெல்டிங் தம்பி பார்த்துவிட்டு, "இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்துவிடுகிறேன் அண்ணே, ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் காரின் சட்டம் நடுவில் முதுகெலும்பு போல ஓடுகிறது. பக்கவாட்டில் உடலைத் தாங்குவது இந்தத் தகட்டுப் பெட்டிகள்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு மூடாது. கதவு வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்து முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம் என்று சொன்னேன். இரண்டு வாரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

நவம்பர் 15

தகட்டு வேலை முடிந்தது. கதவு இரண்டும் ஒரு தள்ளலில் மூடுகின்றன. வெல்டிங் தம்பிக்கு நான் சொன்னது ஏன் என்று புரிந்திருக்கிறது. முட்டுக் கொடுத்த இரும்பை எடுத்தபோது அவர்தான் முதலில் கதவைச் சாத்திப் பார்த்தார்.

இன்றைய பெரிய செய்தி வேறு. நான் தேடிய கைகள் கிடைத்துவிட்டன. கும்பகோணத்தில் முப்பது ஆண்டுகள் ஹெரால்டு மட்டுமே பார்த்த மெக்கானிக் ஒருவர். வயது எண்பதை நெருங்குகிறது. பட்டறையை மூடிப் பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. குடையோடு வந்து இறங்கினார். எஞ்சின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது முன் சக்கரத்தின் பக்கத்தில் சாக்கு விரித்துக் கீழே உட்கார்ந்தார்.

"ட்ரன்னியனைக் கழற்று, தம்பி. மற்றதெல்லாம் பிறகு."

சக்கரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கிறது. அந்த மரை ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே ஏறி இறங்கித் திரும்புகிறது. அந்தக் கட்டிதான் ட்ரன்னியன். காரின் முன்பாரத்தில் பாதி அந்த ஒரு மரையில் நிற்கிறது.

கழற்றப் போனேன். "அய்யா, அசையவே மாட்டேன் என்கிறது" என்றேன். "இடது பக்கத்துக்கு இடது மரை. எதிர்ப்பக்கம் சுற்று" என்றார். சுற்றினேன், வந்தது. உள்ளே மெழுகுபோல் இறுகிப்போன பழைய கிரீஸ். அதைத் துணியால் துடைத்துவிட்டு மரையை டார்ச் வெளிச்சத்தில் காட்டினார். மரையின் பள்ளத்தில் ஊசியால் குத்தினாற்போல் வரிசையாகக் கருப்புப் புள்ளிகள். விரல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் தட்டுகிறது.

"இதில் கிரீஸ் வைத்தது யார்?"

மாமா காலத்தில் காரைப் பார்த்த ஏதோ ஒரு பட்டறை. வேறு என்ன சொல்வது? அந்த இடத்துக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று தயாரித்தவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் மரையின் கடைசிச் சுற்று வரைக்கும் ஏறும். கிரீஸ் வாயிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும், அதற்கு மேலே ஈரம் தங்கும், துரு தின்னும். ஒரு நாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் உள்ளே மடங்கிவிடும். அப்படி மடங்கிய ஹெரால்டுகள் எத்தனையை நிமிர்த்தியிருப்பேன் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஈரக் கொட்டகையில் நின்றதைத்தான் இதுவரை குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தண்டுக்குக் கேடு அதற்கு முன்பே, ஒரு கை கிரீஸில் தொடங்கியிருக்கிறது.

நவம்பர் 17

சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களிடம் கொடுத்தால் ட்ரன்னியனை வார்த்துக் கொடுத்துவிடுவார்கள் என்கிறார் என் அண்ணன். அவர்கள் கைத்திறன்மீது எனக்கு அளவற்ற மரியாதை உண்டு. ஆனால் உயிரைத் தாங்கும் மரையில் நான் சோதனை செய்யமாட்டேன். இங்கிலாந்தில் இந்த உறுப்புகளை இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் தண்டும் ட்ரன்னியனும் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டேன். வலது பக்கத்தில் புள்ளிகள் குறைவுதான். இருந்தாலும் ஒன்றை மாற்றி மற்றதை விட மனம் வரவில்லை.

டிசம்பர் 20

பார்சல் சுங்கத்தில் பதினெட்டு நாள் கிடந்து வந்து சேர்ந்தது.

பெரியவர் சொல்லச் சொல்ல நான் பூட்டினேன். கடைசிவரை திருகி, பிறகு சற்றே பின்வாங்க வேண்டும். அப்போதுதான் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்ப இடம் இருக்கும். ஒரு கிரீஸ் கன்னைக் கழுவிக் காயவைத்து அதில் கியர் ஆயிலை நிரப்பினோம். மேல் விளிம்பில் தேன் நிறத்தில் எண்ணெய் கசியும்வரை அழுத்தச் சொன்னார். கசிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்பு, மறக்காமல் இதைச் செய்ய வேண்டும் என்றார்.

ஸ்பானர் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் காரின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. நம் பட்டறைகளில் 13-ஐ மாட்டித் திருகிவிடுகிறார்கள், முனை மழுங்கிவிடுகிறது. கழற்றிய நட்டுகளில் பாதி அப்படி உருண்டு போயிருந்தன. அங்குல ஸ்பானர் செட் ஒன்று வாங்கிக்கொண்டுதான் பழைய பிரிட்டிஷ் காரைத் தொட வேண்டும்.

ஜனவரி 4

கார்புரேட்டர் வேலை. எஸ்.யூ. என்ற பிரிட்டிஷ் தயாரிப்பு, ஒன்றேகால் அங்குலம், இரண்டு. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தண்டு ஆடுகிறது. தண்டுக்கும் உடலுக்கும் நடுவே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. என்ன திருகினாலும் ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம், ஒரு நிலையில் நிற்காததற்கு அதுதான் காரணம். கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரத்துக்குக் கடைசல் பிடிக்கும் ஒருவர் தண்டு ஆடாமல் பிடிக்கும் நான்கு புஷ் வளையங்களைக் கடைந்து கொடுத்தார். இது பாரம் தாங்கும் இடமில்லை, இங்கே உள்ளூர்க் கைவேலை தாராளமாகப் போதும். புதுத் தண்டைச் செருகியபோது, அரிசிப் பானையில் மூடி உட்காருவதுபோல் உட்கார்ந்தது.

பெட்ரோல் குழாய்கள் அனைத்தையும் மாற்றினேன். இப்போது வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். பழைய ரப்பர் அதில் ஊறி நைந்துவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நம் பகுதியின் காற்றில் டேங்கைப் பாதி நிரப்பி மாதக்கணக்கில் நிறுத்தினால் அடியில் தண்ணீர் தங்கும். ஓட்டாத மாதங்களில் டேங்கைக் காலியாக வைப்பது என்று முடிவு.

ஜனவரி 11

பேட்டரி கடைப் பையன் வழக்கப்படி நெகட்டிவ் ஒயரை உடலில் பூட்டப் போனார். சரியான நேரத்தில் கையைப் பிடித்துவிட்டேன். இந்த மாடலில் பாசிட்டிவ்தான் உடலோடு சேரும். ஒரு சீட்டில் எழுதிப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன்.

மாலை ஐந்தரைக்கு எஞ்சின் பிடித்தது. முதலில் புகை, பிறகு ஒரு தும்மல், பிறகு சீராக. பெரியவர் அரை கஜம் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாறிமாறி வைத்தார். இரண்டிலும் சீறல் ஒரே சுருதியில் வரும்வரை திருகினோம். பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கும் சிறு ஊசியை மயிரிழை அளவு தூக்கிக் காட்டினார். வேகம் லேசாகக் கூடி உடனே பழையபடி இறங்கினால் கலவை சரி. கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் திணறினால் குறைவு. முன் கார்புரேட்டர் சரியாக இருந்தது. பின் கார்புரேட்டருக்கு அரைத் திருகு வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், நானும் மூடிக்கொண்டேன்.

ஜனவரி 27

காகித வேலை. ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வாகனங்களைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் விதி வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் பராமரிப்புக்கும் பெட்ரோல் போடவும் எடுக்கலாம். எனக்கு அது போதும். பதிவு கைக்கு வந்துவிட்டது.

பிப்ரவரி 8

பிரேக், ஸ்டியரிங் இரண்டையும் சாலையில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. விடியற்காலை, சுவாமிமலை வழியாகத் திருவையாற்றுச் சாலை. பெரியவர் பக்கத்து இருக்கையில், மடியில் துண்டு. ஆற்றங்கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை அது. இந்தக் காரில் வளைவுக்கு நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கக்கூடாது. பின் சக்கரம் உள்ளே மடிந்து வால் வீசும். 1970-க்குப் பிந்தைய மார்க் 4-இல்தான் பின் ஸ்பிரிங்கை மாற்றி அதைச் சரிசெய்தார்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே சீராக மிதித்து வெளியே வந்தேன். இடது முன் சக்கரம் என் கைக்கு ஒரு முணுமுணுப்பும் தரவில்லை.

கபிஸ்தலம் தாண்டியதும் சாலை முழுவதும் சம்பா வைக்கோல். இரண்டு பக்கமும் நெல் காயப் போட்டிருந்தார்கள். இந்தக் காரின் வயிறு தரைக்கு அவ்வளவு நெருக்கம், சைலன்சரோ கொதிக்கிறது. வைக்கோல் சிக்கினால் தீப்பிடிக்கும். நிறுத்தினேன். சாலையின் அகலம் மிகக் குறைவு, லாரி என்றால் அரை மைல் பின்னால் போக வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக வளைத்தேன். சுமார் 24 அடி வட்டத்தில் திரும்பிவிடும் கார் இது. ஓரத்து மண்ணைச் சற்றே தொட்டு, ஒரே வீச்சில் திரும்பி வந்த வழியைப் பார்த்து நின்றது.

பெரியவர் சத்தமாகச் சிரித்தார். "ஹெரால்டேதான்! அப்படியே ஹெரால்டு!" முப்பது ஆண்டுகள் இதன் அக்காளைப் பார்த்தவர், ஸ்பிட்ஃபயரில் உட்காருவது இதுதான் முதல் தடவையாம். சாக்கோட்டையில் டீ குடிக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து காரின் கீழே படுத்துப் பார்த்தேன். இரண்டு பிடி வைக்கோல் சட்டத்தில் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன். இடது ட்ரன்னியனின் மேல் விளிம்பில் எண்ணெய் ஈரம் அப்படியே இருக்கிறது. சைலன்சர் தாங்கியின் ரப்பர் ஒன்று பிய்ந்திருக்கிறது. நாளை அதை மாற்ற வேண்டும்.