சதவீத உயர்வு: எந்த எண்ணால் வகுப்பது?

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வாழ்ந்தோர் 6,24,05,679 பேர். 2011இல் அந்த எண்ணிக்கை 7,21,47,030 ஆனது. கூடுதலான 97,41,351 என்பதைப் பழைய எண்ணான 6,24,05,679ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 15.61 சதவீத உயர்வு கிடைக்கிறது. கழிப்பதில் யாரும் தடுமாறுவதில்லை. வகுக்கும்போதுதான் சிலர் புதிய எண்ணை எடுத்துக்கொண்டு 13.50 என்ற விடைக்கு வந்து சேர்கிறார்கள். 2011இல் இருந்த மக்களில் நூற்றுக்கு எத்தனை பேர் அந்தப் பத்தாண்டில் கூடியவர்கள் என்பதை அது சொல்லுமே தவிர, வளர்ச்சியைச் சொல்லாது.

அடிமதிப்பு, அதாவது வகுக்கும் எண், மாறினால் விடையும் மாறும் என்பதற்கு நீலகிரி மாவட்டத்தைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே 7,62,141ஆக இருந்த மக்கள்தொகை அதே பத்தாண்டில் 7,35,394ஆகக் குறைந்தது, சரிவு 3.51 சதவீதம். ஆனால், அதே 26,747 பேர் திரும்பி வந்து பழைய நிலை எட்டப்படுவதாக வைத்துக்கொண்டால், அந்த உயர்வு 3.64 சதவீதமாக இருக்கும், ஏனெனில் இப்போது வகுக்கும் எண் சிறியது.

பத்தாண்டுகளை அடுக்கும்போதும் இதே சிக்கல்தான் வருகிறது. 1991இல் மாநிலத்தின் மக்கள்தொகை 5,58,58,946. 2001 வரையிலான உயர்வு 11.72 சதவீதம். இதனுடன் 15.61ஐக் கூட்டி, இருபது ஆண்டுகளில் 27.33 சதவீதம் உயர்ந்தது என்று எழுதிவிடத் தோன்றும். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் நேரடியாக ஒப்பிட்டால் உயர்வு 29.16 சதவீதம். இரண்டாம் பத்தாண்டின் சதவீதம், முதல் பத்தாண்டில் கூடியவர்களையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது என்பதால், 1.1172ஐ 1.1561ஆல் பெருக்க வேண்டுமேயன்றிச் சதவீதங்களைக் கூட்டக் கூடாது. இதே காரணத்தால், 15.61ஐப் பத்தால் வகுத்து ஆண்டு வளர்ச்சி 1.56 என்பதும் பொருந்தாது. ஒவ்வோர் ஆண்டின் உயர்வும் முந்தைய ஆண்டின் எண்ணிக்கையின் மீது கணக்கிடப்படும் கூட்டு வளர்ச்சியாகப் பார்த்தால் அது ஏறக்குறைய 1.46 சதவீதம்.

ஒப்பிடும் எண்களே சதவீதங்களாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 73.45இலிருந்து 80.09ஆக உயர்ந்ததை '6.64 சதவீத உயர்வு' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. உயர்ந்தது 6.64 சதவீதப் புள்ளிகள், அதாவது இரு சதவீதங்களுக்கு இடையிலான நேர் வித்தியாசம்; பழைய விகிதத்தை அடிமதிப்பாகக் கொண்டால், உயர்வு 9.04 சதவீதம்.