ஆறு கேள்வியோடு முடிந்த தேர்வு

அமெரிக்கக் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை ஆன்லைனில் நிரப்ப உட்கார்ந்தபோது எனக்கிருந்த பயமெல்லாம் குடிமையியல் தேர்வைப் பற்றித்தான். ஆனால் முதலில் உயிரை வாங்கியது பயணக் கணக்கு. ஐந்து வருடத்தில் அமெரிக்காவைவிட்டு எப்போதெல்லாம் வெளியே போனேன், எப்போது திரும்பினேன் என்று தேதி தேதியாகக் கேட்டார்கள். பாஸ்போர்ட் முத்திரைகளோடு இரண்டு ராத்திரி போனது. 2024 இறுதியில் 710 டாலர் கட்டி அனுப்பினேன். ‘கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா’ என்றும் ஒரு கேள்வி. மே தினத்தன்று தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த தாய்மாமா நினைவுக்கு வந்தார். மிட்டாய் தின்றதெல்லாம் உறுப்பினர் கணக்கில் வராது என்று ‘இல்லை’யைத் தட்டினேன்.

அப்போது தேர்வுக்கு 100 கேள்விகள், பதிலோடு அவர்களே கொடுத்துவிடுவார்கள். அதிகாரி பத்து வரை கேட்பார். ஆறு சரியென்றால் தேர்ச்சி. மனப்பாடம் நமக்குப் புதிதா என்ன? ஆனால் பள்ளியில் படித்த இந்திய அரசியலமைப்பு ஒவ்வொரு பதிலிலும் குறுக்கே வந்து நின்றது. கேள்வி கேட்டது ஏழாவது படிக்கும் மகள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்வேன். “செனட்டர் எத்தனை பேர், அம்மா?” நூறு. மாநிலத்துக்கு இரண்டு. கலிபோர்னியாவுக்கும் இரண்டு, வயோமிங்குக்கும் இரண்டு. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு ஒன்று என்று படித்தவளுக்கு இது அநியாயமாகப் பட்டது. இன்னமும் படுகிறது.

அமெரிக்க அரசியலமைப்பின் பத்தாவது திருத்தத்தில்தான் ரொம்ப நேரம் நின்றேன். மத்திய அரசுக்கென்று எழுதிக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கு, அல்லது மக்களுக்கு. நம் ஊரில் தலைகீழ்: ஒன்றியம், மாநிலம், பொது என்ற மூன்று அதிகாரப் பட்டியலிலும் இல்லாதது ஒன்றியத்துக்குப் போய்விடும். மாநில சுயாட்சி என்று மேடைக்கு மேடை கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சண்டையின் அச்சாணி இந்த ஒரு வரிதான் என்பது நியூ ஜெர்சி சமையலறையில்தான் உறைத்தது.

மொத்தத் திருத்தங்கள் 27. கடைசியானது 1789-இல் முன்மொழியப்பட்டது; காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடப்புக்கு வரும் என்பது விஷயம். அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் கட்டுரை எழுதி, ‘சி’ கிரேடு வாங்கினார். மனுஷன் விடவில்லை. ஒப்புதல் கேட்டு மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். 1992-இல் அது நிறைவேறியது. மகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. பிறகு குறைந்த மதிப்பெண் வாங்கும்போதெல்லாம் வாட்சன் பெயரை இழுத்தாள்.

நேர்காணல் 2025 வசந்தத்தில். அதிகாரி ஓர் அம்மாள், அமைதியாகப் பேசினார். ஒரு வாக்கியம் படிக்கச் சொன்னார், ஒன்று எழுதச் சொன்னார். பிறகு கேள்விகள். நாட்டின் உச்ச சட்டம் எது, ஓர் அரசுக் கிளை அளவு மீறாமல் தடுப்பது எது என்று வரிசையாகக் கேட்டார். ஆறாவது பதில் சொன்னதும் கோப்பை மூடிவிட்டார். பத்தாவது திருத்தமும் வரவில்லை, 27-உம் வரவில்லை. இன்னும் நாலு கேளுங்களேன் என்று வாய்வரை வந்தது.

உறுதிமொழி நாளன்று வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கிக்கொண்டார்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது. அந்தப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஓசிஐ என்னும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டைக்கு எழுதிப்போடுவது தனி அலைச்சல்.

2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குத் தேர்வு மாறிவிட்டது: 128 கேள்விகள், இருபது வரை கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக வேண்டும். பக்கத்து வீட்டுத் தோழி இப்போது படிக்கிறாள். நான் படித்த கேள்வி-பதில் அட்டைகளைக் கேட்டாள். இது பழைய பாடத்திட்டம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.